தானாகப் படிப்போருக்காக உழைத்த தூரன்

1947ஆம் ஆண்டில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சந்திர கிரகணம் ஏன் வருகிறது, மின்சாரம் கம்பியில் எப்படிப் பாய்கிறது, பிரெஞ்சுப் புரட்சி எதனால் வெடித்தது என்றெல்லாம் அறிய ஆசை வந்தால் என்ன செய்திருப்பார்? பள்ளி ஆசிரியரைக் கேட்டிருக்கலாம். அவருக்கும் தெரியாவிட்டால் ஆங்கிலம் படித்தவர் யாரையாவது தேடிப் போயிருக்கலாம். இரண்டும் முடியாதென்றால் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். தமிழில் அறிவியல் நூல்களும் வரலாற்று நூல்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்தன. ஆனால், எந்தத் துறையில் கேள்வி எழுந்தாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு நூல் வரிசை இல்லை.

அந்தக் குறையைப் போக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் பெரியசாமித் தூரன். கர்நாடக இசை பயிலும் நம் மாணவர்கள் பலருக்கு அவரைப் பாடலாசிரியராகத் தெரியும். அவர் இயற்றிய முருகன் பாடல்கள் சிங்கப்பூர் மேடைகளிலும் ஒலிப்பவை. ஆனால், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அன்றாடம் செய்த வேலை பாட்டு எழுதுவது அன்று. பிறர் எழுதிய கட்டுரைகளை வாங்கி, சரிபார்த்து, ஆசிரியர் துணையின்றிப் படிப்பவருக்கும் புரியும்படி ஆக்குவதே அவரது தொழிலாக இருந்தது.

தேர்வைப் புறக்கணித்த மாணவர்

தூரன் 1908 செப்டம்பர் 26ஆம் தேதி, ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பெரியசாமி. தூரன் என்பது அவர் பிறந்த குலத்தின் பெயர். பின்னர் எழுத்துலகில் அதுவே அவருக்கு நிலைத்துவிட்டது.

ஈரோட்டில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்குச் சென்றவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தார். கதை, கவிதை எழுதும் ஆர்வமும் அப்போதே இருந்தது. நண்பர்களுடன் சேர்ந்து ‘பித்தன்’ என்ற இதழையும் நடத்தினார். கணிதமும் இலக்கியமும் ஒரே ஆளுக்குள் இருந்தது பின்னாளில் அவருக்கு மிகவும் உதவியது.

1931 மார்ச் 23ஆம் தேதி லாகூர் சிறையில் பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அந்தச் செய்தி நாடெங்கும் மாணவர்களைக் கொதிக்கச் செய்தது. தூரன் அப்போது பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். எதிர்ப்பைக் காட்ட இறுதித் தேர்வை எழுதாமல் புறக்கணித்தார். ஒரு கிராமத்து உழவர் குடும்பத்திலிருந்து மகனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைப்பது அந்நாளில் எவ்வளவு பெரிய செலவு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவின் கனம் புரியும்.

அதன்பின் அவர் ஆசிரியரானார். முதலில் கோபிசெட்டிப்பாளையத்திலும், பிறகு கோயம்புத்தூருக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் பணியாற்றினார். அந்த வித்யாலயத்தை 1930ல் தொடங்கியவர் தி.சு.அவினாசிலிங்கம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். தூரனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் அவர்தான்.

மனத்தைப் பற்றித் தமிழில்

தூரன் எழுதிய நூல்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். சிறுகதை, கவிதை, நாடகம் ஆகியவற்றுக்கு நடுவே, பொது வாசகருக்கான உளவியல் நூல்கள் பல இருக்கின்றன. ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமனம்’, ‘மனமும் அதன் விளக்கமும்’ என்று வரிசையாகச் சொல்லலாம். மரபுவழிப் பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்பதை விளக்க ‘பாரம்பரியம்’ எழுதினார். கருப்பையில் ஓர் உயிர் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல ‘கருவில் வளரும் குழந்தை’ எழுதினார்.

இவை உளவியல் பட்டதாரிகளுக்காகவோ மருத்துவ மாணவர்களுக்காகவோ எழுதப்பட்டவை அல்ல. பதின்ம வயதுப் பிள்ளை ஏன் திடீரென்று பேச மறுக்கிறான் என்று குழம்பும் தந்தைக்காகவும், தன்னைப் பற்றித் தானே அறிய விரும்பும் இளைஞனுக்காகவும் எழுதப்பட்டவை. அந்த வாசகருக்கு ஃபிராய்டையோ மெண்டலையோ மூலத்தில் படிக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கி, தெரியாத கருத்துக்கு ஒவ்வொரு படியாக அழைத்துச் செல்ல வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்த தூரனுக்கு இது கைவந்த வேலை.

அபிதான சிந்தாமணி இருந்தும் ஏன்?

தமிழில் அதற்கு முன்பு கலைக்களஞ்சியமே இல்லையா என்று கேட்கலாம். 1902ல் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். 1910ல் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் வெளிவந்தது. இரண்டும் தனி மனிதர்களின் பேருழைப்பு. ஆனால், அவை பெரும்பாலும் இலக்கியம், புராணம், சமயம் ஆகியவற்றில் வரும் பெயர்களையும் கதைகளையும் விளக்குபவை. இராமாயணத்தில் வரும் ஒரு பாத்திரத்தைத் தேடுபவருக்கு அவை உதவும். நீராவி இயந்திரத்தைப் பற்றித் தேடுபவருக்கு உதவமாட்டா.

ஐரோப்பாவில் அந்த வேலை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பிரான்சில் தீதரோவின் தலைமையில் 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகள் வெளிவந்தன. தத்துவத்துடன், கண்ணாடி ஊதுபவர், ஊசி செய்பவர் போன்ற தொழிலாளர்களின் நுட்பங்களும் அவற்றில் படங்களுடன் விளக்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1768ல் பிரிட்டானிக்கா வரத் தொடங்கியது. பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள்கூட இத்தகைய நூல்களால் அறிஞர்களாகியிருக்கிறார்கள். லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற மைக்கேல் ஃபாரடே, கட்டுவதற்காக வந்த பிரிட்டானிக்கா தொகுதியில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்துத்தான் அந்தத் துறையில் ஈடுபாடு கொண்டார். ஜேன் மார்செட் எழுதிய எளிய வேதியியல் நூலும் அவருக்கு வழிகாட்டியது. மின்னாக்கிகள் இயங்கும் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் அதே ஃபாரடேதான்.

ஃபாரடேக்கு ஆங்கிலத்தில் கிடைத்த வாய்ப்பு ஒரு தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழில் கிடைக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. நம் செம்பவாங் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1938ல் இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். பாரந்தூக்கி, கொதிகலன், மின்கம்பி ஆகியவற்றுக்கு நடுவே வேலை செய்தவர்கள் அவர்கள். கருவியைக் கையாளத் தெரியும். அது ஏன் அப்படி இயங்குகிறது என்பதைத் தாய்மொழியில் படித்தறிய நூல்கள் மிகக் குறைவு.

ஒரு சொல்லில் சிக்கும் ஒரு தொகுதி

தி.சு.அவினாசிலிங்கம் 1946ல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற்ற 1947ல், தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் உருவாக்கும் திட்டத்தை அக்கழகம் கையில் எடுத்தது. 1948ல் அதன் முதன்மை ஆசிரியராகத் தூரன் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு நாற்பது வயது.

முதல் தொகுதி 1954ல்தான் வெளிவந்தது. ஏன் இவ்வளவு காலம் ஆனது? கலைக்களஞ்சியம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில் எந்தெந்தத் தலைப்புகள் வேண்டும் என்ற பட்டியல் வேண்டும். கணிதம், மருத்துவம், வேளாண்மை, இசை, சட்டம், புவியியல் என்று எல்லாத் துறைகளிலும் ஆயிரக்கணக்கான தலைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எழுதத்தக்கவரைத் தேட வேண்டும். அன்றைய பேராசிரியர்கள் தங்கள் துறையை ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் கற்பித்தவர்கள். தமிழில் ஒரு பத்தி அறிவியல்கூட எழுதிப் பழகாதவர்கள் அவர்களில் பலர். ஆங்கிலத்தில் வரும் கட்டுரையைத் தமிழாக்க வேண்டும். தமிழில் வரும் கட்டுரையின் நடையைச் சீராக்க வேண்டும். சீராக்கும்போது அறிவியல் பிழை நுழைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கலைச்சொல். சேலத்தில் 1916ஆம் ஆண்டிலேயே ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகும் சொற்களைப் பற்றிய வாதம் ஓயவில்லை. மூச்சுக்கு வேண்டிய வாயுவை ஆக்சிஜன் என்று ஒலிபெயர்ப்பதா, பிராணவாயு என்று வடமொழிவழியில் சொல்வதா, உயிர்வளி என்று தூய தமிழில் ஆக்குவதா? நாளிதழில் இன்று ஒரு சொல்லையும் நாளை வேறு சொல்லையும் பயன்படுத்தலாம். அகரவரிசையில் அமையும் கலைக்களஞ்சியத்தில் அது முடியாது. ஆக்சிஜன் என்றால் அந்தக் கட்டுரை முதல் தொகுதிகளில் வந்தாக வேண்டும். பிராணவாயு என்றால் பல ஆண்டுகள் கழித்துப் பகர வரிசையில் வரும். முதல் தொகுதி அச்சுக்குப் போகும் முன்பே, கடைசித் தொகுதி வரைக்கும் தலைப்புச் சொற்களை முடிவு செய்திருக்க வேண்டும். பாதியில் மனம் மாறினால், தேடி வரும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார்.

அகர வரிசை இன்னொரு நெருக்கடியையும் தரும். அணு பற்றிய கட்டுரை தாமதமானால் அதை ஐந்தாம் தொகுதிக்குத் தள்ளிவைக்க முடியாது. ஒரே ஒருவர் கட்டுரை தராவிட்டாலும் தொகுதி முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். நம் குழுப் பணிகளில் ஒருவர் தம் பங்கைக் கடைசி நாள் வரை தராமல் இழுத்தடிக்கும்போது நமக்கு வரும் எரிச்சலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரையாளர்களால் பெருக்கிப் பார்த்தால் தூரனின் நிலை ஓரளவு விளங்கும்.

அரசின் மானியத்தையும் கொடையாளர்களின் நிதியையும் கொண்டு வேலை நகர்ந்தது. ஒன்பதாம் தொகுதி 1963ல் வெளிவந்தது. இணைப்புத் தொகுதியான பத்தாவது 1968ல் வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 750 பக்கங்கள். அதே 1968ல் இந்திய அரசு தூரனுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

பழையதாகும் நூல்

இந்த உழைப்பில் ஒரு சோகமும் உண்டு. அறிவியல் காத்திருப்பதில்லை. முதல் தொகுதிக்கு முந்தைய ஆண்டான 1953ல்தான் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பு கண்டறியப்பட்டது. தொகுதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோதே, 1957ல் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது. 1961ல் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். பத்தாம் தொகுதி வந்து ஓராண்டில் மனிதன் நிலவில் கால் வைத்தான். நம் நாட்டுக்கும் அதே கதைதான். ஒன்பதாம் தொகுதி வந்த 1963ல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. இரண்டே ஆண்டில் தனி நாடானது. அந்த ஒன்பது தொகுதிகளில் எங்கே தேடினாலும் சுதந்திர சிங்கப்பூரைக் காண முடியாது.

அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பு வீணா? அந்த நூலைத் தகவல் கிடங்காக மட்டும் பார்த்தால் அதன் பெரும்பகுதி காலாவதியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், அது இன்னொன்றையும் செய்தது. தமிழில் எதையும் விளக்கலாம் என்பதை வாதமாகச் சொல்லாமல், ஆயிரக்கணக்கான கட்டுரைகளாகச் செய்து காட்டியது. அந்தத் தொகுதிகளுக்காகத் தமிழில் எழுதிப் பழகிய அறிஞர்கள் ஒரு தலைமுறையாக இருந்தார்கள். பிற்காலத்தில் தமிழில் பாடநூலும் அறிவியல் நூலும் எழுத வந்தவர்களுக்கு, பார்த்துப் பின்பற்றவோ மறுத்துத் திருத்தவோ ஒரு முன்மாதிரி கிடைத்தது.

தூரனும் பத்தாம் தொகுதியோடு ஓய்ந்துவிடவில்லை. அதே 1968ல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. 1976க்குள் அதுவும் பத்துத் தொகுதிகளாக நிறைவடைந்தது. படங்கள் நிறைந்த, எளிய நடையிலான தொகுதிகள் அவை. பெரியவர்களுக்கான கட்டுரையைச் சுருக்கினால் குழந்தைகளுக்கான கட்டுரை ஆகிவிடாது. கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. எழுதுபவருக்கே சரியாகப் புரியாத இடம் உடனே வெளியே தெரிந்துவிடும். அறுபது வயதை எட்டிய நிலையில் தூரன் அந்தக் கடினமான வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

எழுதாமல் போனவை

இந்தப் பணிக்கு அவர் கொடுத்த விலை என்ன? நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிக் ‘காற்றில் வந்த கவிதை’ என்ற தொகுப்பாக்கியவர் அவர். ஜாக் லண்டனின் நாவலைக் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சுதேசமித்திரனில் பாரதி எழுதிய எழுத்துகளைத் தேடித் தொகுத்து, 1953ல் ‘பாரதி தமிழ்’ என்ற நூலாக வெளியிட்டார். முதல் கலைக்களஞ்சியத் தொகுதிக்கான வேலை உச்சத்தில் இருந்த காலம் அது. அவர் இயற்றிய இசைப்பாடல்கள் நூற்றுக்கணக்கானவை.

இவ்வளவு எழுதியவர், நாற்பது வயது முதல் அறுபத்தெட்டு வயது வரையிலான காலத்தின் பெரும்பகுதியைப் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதில் செலவிட்டார். அந்த ஆண்டுகள் முழுவதும் அவருக்கே கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை கதைகளும் பாடல்களும் வந்திருக்குமோ, நாம் கணக்கிட முடியாது. பாடலாசிரியரின் பெயர் பாடலோடு சேர்ந்து நிற்கிறது. ஆனால் ஒரு கட்டுரையைப் படித்துத் தெளிவடைபவர், அதைத் தெளிவாக்கிய பதிப்பாசிரியர் யார் என்று பார்ப்பதில்லை. தூரன் 1987 ஜனவரி 20ஆம் தேதி காலமானார். இன்று மேடைகளில் அவர் பெயர் ஒலிப்பது பாடல்களால்தான்.

நமக்கு என்ன வேலை?

சிங்கப்பூரில் நாம் கணிதம், அறிவியல், வரலாறு அனைத்தையும் ஆங்கிலத்தில் படிக்கிறோம். தமிழ் ஒரு பாடம். கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆயிரம் அறிவு நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தமிழில் அவை எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. தூரன் காலத்து வாசகருக்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். நாம் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறோம் என்று பாட்டி கேட்டால், ஏதோ கணினிப் படிப்பு என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். வீட்டில் சாப்பாடு, உடல்நலம், பண்டிகை ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேச ஒரு மொழி, சிந்திக்க வேறொரு மொழி என்று இரண்டையும் பிரித்துவைத்துவிட்டோம். இது பாட்டிக்கு மட்டும் இழப்பன்று. ஒரு கருத்தை நன்கு அறிந்த இன்னொரு மொழியில் விளக்க முடியவில்லை என்றால், பல நேரங்களில் நாம் அதைப் புரிந்துகொள்ளாமல் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம் என்று பொருள்.

தூரனின் இரண்டு கலைக்களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றும் 2025ல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் வெளிவந்துள்ளது. சன் பிளாசாவில் இருக்கும் செம்பவாங் பொது நூலகத்தைப் போன்ற நம் வட்டார நூலகங்களுக்குப் போனால், தமிழ்ப் பிரிவில் நாவல் அடுக்கைத் தாண்டியும் சற்று நடந்து பாருங்கள்.

ஒரு சிறிய பயிற்சியையும் செய்து பார்க்கலாம். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு கட்டுரையை எடுத்துப் படியுங்கள். அதில் எது இன்றும் சரி, எது பழையதாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தலைப்பில் இன்றைய நிலைக்கு ஏற்ப ஒரு பக்கம் தமிழில் எழுதி, வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு எங்கே புரியவில்லையோ அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்கள். தூரன் இருபத்தெட்டு ஆண்டுகள் செய்த வேலை இதுதான். செயற்கை நுண்ணறிவுக்கும் மரபணுத் திருத்தத்துக்கும் அவருடைய தொகுதிகளில் கட்டுரை இல்லை. அவற்றை இனிமேல் யாராவது எழுத வேண்டும். அந்தத் துறைகளை இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்.